கடலில் கரைத்த பெருங்காயம்

ஒரு லட்சத்தை 172.5 கோடியால் வகுத்து நூறால் பெருக்கினால் 0.0058 வரும். இங்கிலாந்தில் ஒரு புறவழிச்சாலைக்கு உள்ளாட்சியின் அனுமதி கேட்டு வரும் கோப்பைப் புரட்டினால், பல நூறு பக்கங்களுக்கு நடுவே இந்த மாதிரி ஒரு வகுத்தல் கணக்கு கண்ணில் படும். மேலே இருப்பது அந்தச் சாலையால் காற்றில் கலக்கும் கரியமில வாயு, டன் கணக்கில். ஒரு லட்சம் என்பது நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்ட எண். கீழே இருப்பது, பிரிட்டன் முழுவதும் சேர்ந்து 2028 முதல் 2032 வரை வெளியிடலாம் என்று சட்டப்படி விதித்த வரம்பு. அது கற்பனை எண் அல்ல, 172.5 கோடி டன். விடை 0.0058 விழுக்காடு. அடுத்த வரியில் அறிக்கை சொல்லிவிடும்: பாதிப்பு குறிப்பிடத்தக்கதல்ல. பெருங்காயத்தைக் கடலில் கரைத்துவிட்டு, மணக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிற சோதனை இது.

இந்தச் சோதனையில் தோற்கிற சாலையே கிடையாது. இருபது மடங்கு பெரிய சாலையும் தேறிவிடும். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பொறியாளர் கொடுத்த எண் சரி, வரம்பு சரி, வகுத்ததும் சரி. எதை எதால் வகுப்பது என்ற முடிவில்தான் கோணல். அந்த அறிக்கையைத் தயாரிப்பவரோ சாலை கேட்டு விண்ணப்பித்தவர் அமர்த்திய ஆலோசகர். இங்கிலாந்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு சாலை என்று வைத்தால் 3 கோடி டன், 1.7 விழுக்காடு. அப்போதும் சிறியதுதானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் அந்த 172.5 கோடி யாரும் தொடாமல் கிடக்கிற சேமிப்பு அல்ல. வீட்டுக்கு வெப்பமூட்ட, ஆலை ஓட, மாடு வளர்க்க, இப்போதிருக்கும் சாலைகளில் இப்போதிருக்கும் கார்கள் ஓட என்று முழுவதற்கும் ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். புதிய சாலைக்கென்று தனியாக எடுத்துவைத்த பானை எதுவும் இல்லை. ஊருக்கு இவ்வளவு என்ற வரம்பும் சட்டத்தில் இல்லை. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிண்டால் மைய ஆய்வாளர்கள் ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதற்குச் சட்ட பலம் கிடையாது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு முடிவெடுப்பவர்கள் யார் என்பதைத் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். 1947-இல் அட்லீ அரசு கொண்டுவந்த நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்தது. நிலம் உங்களுடையதாக இருக்கலாம். அதில் கட்டும் உரிமை உங்களுடையதல்ல. அதை உள்ளூர் கவுன்சிலிடம் கேட்டு வாங்க வேண்டும். பெரிய விண்ணப்பங்கள் கவுன்சிலர்கள் அடங்கிய திட்டக் குழுவுக்குப் போகும். அதிகாரிகள் அறிக்கை எழுதி, கொடுக்கலாம் அல்லது மறுக்கலாம் என்று பரிந்துரை செய்வார்கள். பொதுமக்கள் வந்து பேசலாம்; பல கவுன்சில்களில் ஆளுக்கு மூன்று நிமிடம். பிறகு கை தூக்குவார்கள். அந்தக் கைகளுக்குச் சட்ட பலம் உண்டு. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை எத்தனை முறை தீர்மானம் போட்டாலும் அது வேண்டுகோளாகவே நிற்பதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியரும் கடைக்காரரும் விவசாயியுமாக உட்கார்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு பேர், எண்ணெய்க் கிணற்றுக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் அனுமதி கொடுக்க முடியும்.

கொடுக்கவும் செய்தார்கள்.

2018 நவம்பரில் பிரிஸ்டல் நகரக் கவுன்சில் காலநிலை அவசரநிலையை அறிவித்தது. பிரிட்டனில் அதுதான் முதல். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கவுன்சில்கள் வரிசையாக அறிவித்தன. லண்டனுக்குத் தெற்கே சர்ரே கவுன்டி கவுன்சில் அறிவித்தது 2019 ஜூலையில். அதே கவுன்சில் அதே ஆண்டு செப்டம்பரில், ஹார்லி என்ற ஊருக்கு அருகே ஹார்ஸ் ஹில் என்ற இடத்தில் நான்கு புதிய கிணறுகள் தோண்டி இருபது ஆண்டுகளுக்குக் கச்சா எண்ணெய் எடுக்க அனுமதி கொடுத்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மாதம்.

இதை வெறும் பாசாங்கு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. பிரிட்டனில் எந்தத் திட்ட அனுமதி விண்ணப்பத்தோடும் ஒரு வரைபடம் வரும். அதில் திட்டம் நடக்கும் நிலத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள். திட்டமிடல் அதிகாரிகளின் அன்றாடப் பேச்சில் 'சிவப்புக் கோட்டுக்குள்ளே, வெளியே' என்பது புழங்கும் சொல். ஹார்ஸ் ஹில்லின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு அந்தக் கோட்டுக்குள் நடப்பதைக் கணக்கெடுத்தது. துளையிடும் இயந்திரம், லாரி, எரித்துவிடும் வாயு என்று எல்லாம் சேர்த்துத் திட்டத்தின் ஆயுள் முழுவதற்கும் சுமார் 1.4 லட்சம் டன். அங்கிருந்து எடுக்கப்போகும் எண்ணெய் சுமார் 33 லட்சம் டன். அதை எரித்தால் வெளிவருவது ஒரு கோடி டன்னுக்கு மேல். அந்த ஒரு கோடி எந்தப் பக்கத்திலும் இல்லை. எண்ணெய் வேறெங்கோ சுத்திகரிக்கப்பட்டு வேறெங்கோ எரிகிறது. கோட்டுக்கு வெளியே நடப்பது எங்கள் வேலையல்ல என்றது கவுன்சில். எழுபதில் ஒரு பங்கை எண்ணிவிட்டு மீதியை வாசலில் விட்டுவிட்ட கணக்கு.

உள்ளூர்க்காரரான சாரா ஃபிஞ்ச் வழக்குப் போட்டார். 2020 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹோல்கேட் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோல்வி. 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அனுமதியை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லெகாட்டின் வாதம் எளிமையானது. எடுக்கும் எண்ணெய் எரிந்தே தீரும் என்பதில் வழக்கின் எந்தத் தரப்புக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் எரிவது எண்ணெய் எடுத்ததன் விளைவுதான். விளைவு எங்கே நிகழ்கிறது என்பது அதை எண்ணாமல் விடக் காரணமாகாது. கவுன்சில் அனுமதி கொடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரிந்து கொடு என்றது, அவ்வளவுதான். முழு எண்ணையும் மக்கள் முன்னால் வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் வேண்டுமென்றால் கை தூக்கு.

இதே கதையின் இன்னொரு கிளை வடமேற்கு மூலையில், ஐரிஷ் கடலோர வைட்ஹேவனில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஊருக்குக் கரி என்றால் வெறும் எரிபொருள் அல்ல. 1910-இல் வெலிங்டன் சுரங்கத்தில் 136 பேர், 1947-இல் வில்லியம் சுரங்கத்தில் 104 பேர் என்று சாவுக் கணக்கோடு சேர்ந்த நினைவு. கடைசிச் சுரங்கமான ஹெய்க் 1986-இல் மூடியது. அதற்குப் பிறகு பக்கத்தில் இருக்கும் செல்லாஃபீல்டு அணுசக்தி வளாகத்தை விட்டால் சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. அங்கே, பழைய ரசாயன ஆலை இருந்த இடத்தில் வாசல் வைத்து, கடலுக்கடியில் ஆண்டுக்குச் சுமார் 28 லட்சம் டன் உருக்காலைக் கரி எடுக்கிறோம், ஐந்நூறு பேருக்கு வேலை தருகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தால் ஊர் என்ன சொல்லும்? கம்ப்ரியா கவுன்டி கவுன்சில் 2019 மார்ச்சிலும் அக்டோபரிலும் 2020 அக்டோபரிலுமாக மூன்று முறை சரி என்றது.

அந்த அனுமதிக்கு அடியில் இருந்த தர்க்கத்தை நம் ஊரிலும் கேட்கலாம்: நான் குடிக்காவிட்டால் கடையை மூடிவிடவா போகிறார்கள்? இங்கே தோண்டாவிட்டால் இரும்பாலைகள் அமெரிக்கக் கரியை வாங்கப்போகின்றன. ஆக இங்கே எடுக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் அங்கே ஒரு டன் பூமிக்குள்ளேயே தங்கிவிடும். நிகர உமிழ்வு பூஜ்ஜியம். கேட்கக் கச்சிதமாக இருக்கிறது. சரக்கு அதிகம் வந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் வாங்குவது கூடும் என்று சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குகிற யாருக்கும் தெரிந்த விஷயம் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. 2021 ஜனவரியில் அரசின் காலநிலை மாற்றக் குழு தலையிட்டு ஒரு கடிதம் எழுதியது. கரியை எரிப்பதை விட்டுவிட்டாலும், சுரங்கம் இயங்குவதாலேயே ஆண்டுக்கு 4 லட்சம் டன் கூடும் என்றது. கவுன்சில் தயங்கியது, மறுபரிசீலனை செய்கிறோம் என்றது. மார்ச்சில் ஒன்றிய அரசே கோப்பைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பொது விசாரணை நடந்து, 2022 டிசம்பர் 7 அன்று அமைச்சர் மைக்கேல் கோவ் அனுமதி கொடுத்தார். பிரிட்டனில் முப்பது ஆண்டுகளில் முதல் ஆழ்நிலை நிலக்கரிச் சுரங்கம்.

ஃபிஞ்ச் தீர்ப்பு வந்த மூன்றாம் மாதம், 2024 செப்டம்பர் 13 அன்று, உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. அனுமதி கொடுத்தபோது கரி எரிவதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது காரணம். ஒன்றுக்கு ஒன்று ஈடாகிவிடும் என்ற வாதமும் எடுபடவில்லை. தீர்ப்பளித்தவர் 2020-இல் ஃபிஞ்சைத் தோற்கடித்த அதே ஹோல்கேட். உச்ச நீதிமன்றம் சட்டத்தைத் திருத்திச் சொன்ன பிறகு, தான் அன்று மறுத்ததை இன்று நடைமுறைப்படுத்தினார். நீதித்துறையில் இது வழக்கமான காரியம்தான். இருந்தும் படிக்கும்போது ஒரு கணம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. பதினேழு நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது.

எண்ணெயும் கரியும் ஒருவகையில் எளிய வழக்குகள். எரிப்பதற்கென்றே எடுக்கிறோம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சாலை அப்படியல்ல. சாலை எதையும் எரிப்பதில்லை, எரிப்பவர்களை வரவழைக்கிறது. சாலை மதிப்பீட்டில் வாகனப் புகை முன்பே கணக்கில் இருக்கிறது. அதனால் ஃபிஞ்ச் தீர்ப்பு இங்கே பெரிதாக உதவாது. இங்கே சிக்கல் எந்த வாகனம், எத்தனை, எப்போது என்ற ஊகத்தில் இருக்கிறது. சாலை போட்டால் எதிர்காலம் இப்படி, போடாவிட்டால் அப்படி என்று இரண்டு கற்பனைகளை உருவாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். போடாவிட்டாலும் போக்குவரத்து எப்படியும் பெருகும் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் சுருங்கிவிடும். இன்னும் பதினைந்து ஆண்டில் எல்லாரும் மின்சாரக் கார் ஓட்டுவார்கள் என்று சேர்த்துக்கொண்டால் மேலும் சுருங்கும். பாலத்துக்கான சிமெண்டும் இரும்பும் மட்டும் எந்த ஊகத்துக்கும் அடங்காது. முதல் கார் ஓடுவதற்கு முன்பே அந்தப் புகை வானத்துக்குப் போய்விடுகிறது.

சாலை போட்டால் நெரிசல் தீராது, கார் கூடும் என்பது பசுமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை அல்ல. 1994-இல் பிரிட்டிஷ் அரசின் நிலையான ஆலோசனைக் குழுவே நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து, புதிய சாலை புதிய பயணங்களை உண்டாக்குகிறது என்று எழுதிக் கொடுத்தது. லண்டனைச் சுற்றி 1986-இல் முழுமையடைந்த எம்25 சாலை திறந்த சில ஆண்டுகளிலேயே திணறியதைப் பார்த்தவர்களுக்கு அந்த அறிக்கை தேவைப்படவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் கவுன்சில்கள் ஏன் சாலை கேட்கின்றன? பணம் அந்த வடிவத்தில்தான் வருகிறது. ஒன்றிய அரசு வீட்டுவசதி உள்கட்டமைப்பு நிதி என்று ஒன்றை அறிவிக்கும்; இந்தத் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் போய்விடும் என்று கெடு வைக்கும். பத்து ஆண்டுக்குப் பேருந்து ஓட்ட மானியம் கொடு என்றால் அதற்கு உண்டியல் இல்லை.

ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே டிட்காட்டில் இது கண்முன்னே நடந்தது. ரயிலில் அந்த ஊரைக் கடந்தவர்கள் ஆறு பெரிய குளிர்விப்புக் கோபுரங்களை மறந்திருக்க மாட்டார்கள். 'டிட்காட் ஏ' நிலக்கரி மின்நிலையம் 2013-இல் மூடப்பட்டது. 2014-இல் மூன்று கோபுரங்களையும் 2019-இல் மீதி மூன்றையும் வெடிவைத்துச் சரித்தார்கள். புதிய சாலைத் திட்டம் இதுதான்: அந்தக் காலி நிலத்தின் வழியே, ரயில் பாதைக்கு மேலே ஒரு பாலம். தேம்ஸ் நதிக்குக் குறுக்கே இன்னொரு பாலம். ஒரு நெடுஞ்சாலையை இரட்டைத் தடச் சாலையாக அகலப்படுத்துவது. கிளிஃப்டன் ஹாம்ப்டன் கிராமத்துக்குப் புறவழி. மொத்தம் 29.6 கோடி பவுண்டு. சுற்றியுள்ள ஊர்களில் ஆயிரக்கணக்கான புதிய வீடுகள் இந்தச் சாலையை நம்பித் திட்டமிடப்பட்டிருந்தன. கேட்டது ஆக்ஸ்போர்ட்ஷையர் கவுன்டி கவுன்சில். அனுமதி கொடுக்க வேண்டியதும் அதே கவுன்சில்தான். பிரிட்டிஷ் விதிகளில் இதற்கு இடம் உண்டு.

அதே கவுன்சில் 2022-இல் ஒரு போக்குவரத்துத் திட்டத்தை ஏற்றிருந்தது. 2030-க்குள் நான்கு கார்ப் பயணங்களில் ஒன்றைக் குறைப்பது அதன் இலக்கு. இனிமேல் 'கணித்துக் கட்டுவது' இல்லை, 'தீர்மானித்துக் கட்டுவது' என்று கொள்கையையும் மாற்றிக்கொண்டது. அதாவது, கார் எவ்வளவு பெருகும் என்று ஜோசியம் பார்த்து அதற்கேற்பச் சாலை போடாமல், எப்படிப்பட்ட ஊர் வேண்டும் என்று முதலில் முடிவுசெய்வது. 2023 ஜூலையில் திட்டக் குழுக் கவுன்சிலர்கள் இந்த இரண்டு காகிதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்திருக்க வேண்டும். கொடுக்கலாம் என்ற அதிகாரிகளின் பரிந்துரையை மீறி, தங்கள் சொந்தக் கவுன்சிலின் விண்ணப்பத்தையே மறுக்க வாக்களித்தார்கள். காலநிலையும் காரணங்களில் ஒன்று. அந்த மாதமே அமைச்சர் கோப்பை எடுத்துக்கொண்டார். விசாரணை நடந்தது, ஆட்சி மாறியது, 2024 இறுதியில் அனுமதி வந்தது. எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று டீக்கடை வேதாந்தம் பேச நான் விரும்பவில்லை. ஆனால் சாலை விஷயத்தில் அந்த வேதாந்தத்தை மறுப்பது கடினம்.

விமான நிலையங்களிலும் இதே வழித்தடம். பிரிஸ்டல் விமான நிலையம் ஆண்டுப் பயணிகளை ஒரு கோடியிலிருந்து 1.2 கோடியாக்க வேண்டும் என்று கேட்டதை நார்த் சோமர்செட் கவுன்சில் 2020 பிப்ரவரியில் மறுத்தது. 2022-இல் ஒன்றிய அரசின் ஆய்வாளர்கள் அந்த மறுப்பைத் தள்ளிவிட்டார்கள். விமானப் புகை தேசிய அரசின் கவலை, உள்ளூரின் கவலையல்ல என்பது அவர்கள் தர்க்கத்தின் மையம். அட்டில்ஸ்ஃபோர்டு கவுன்சில் 2018-இல் ஸ்டான்ஸ்டெட் விமான நிலைய விரிவாக்கத்துக்குச் சரி என்றது. தேர்தலில் ஆட்சி மாறிய பின் 2020 ஜனவரியில் முடியாது என்றது. மேல்முறையீட்டில் தோற்றதோடு, எதிர்த்தரப்பின் செலவையும் கவுன்சிலே கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. சின்னக் கிராமங்கள் நிறைந்த ஒரு மாவட்டத்தின் வரிப்பணம் அது. அடுத்த ஊர்க் கவுன்சிலர் கை தூக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளாமல் இருப்பாரா?

இந்த ஏற்பாட்டின் சாய்மானம் இங்கேதான் இருக்கிறது. மறுக்கப்பட்ட விண்ணப்பதாரருக்கு மேல்முறையீடு உண்டு. முழு வழக்கும் மறுபடி முதலிலிருந்து விசாரிக்கப்படும். அனுமதி கொடுத்துவிட்டால், எதிர்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கு மேல்முறையீடே கிடையாது. முடிவு தப்பு என்று அவர் வாதிட முடியாது. முடிவெடுத்த முறையில் சட்டப்பிழை இருக்கிறது என்று மட்டுமே நீதிமன்றம் போகலாம். ஃபிஞ்சுக்கு அது கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு பிடித்தது. ஆக, உள்ளாட்சியின் 'சரி' பெரும்பாலும் நிலைக்கும். அதன் 'முடியாது' மேலே போய்ச் 'சரி'யாகித் திரும்பும். ஏழெட்டு ஆண்டுகளின் பெரிய கோப்புகளைப் பார்த்த பிறகு என் தீர்ப்பு இதுதான்: காலநிலையை முன்னிட்டு மறுக்கும் அதிகாரம் கவுன்சில்களுக்குக் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

சாலைகளே நிற்பதில்லையா என்றால், நிற்கின்றன. வேறு காரணங்களால். நாரிச் நகருக்கு மேற்கே ஆறு கிலோமீட்டர் இணைப்புச் சாலைக்கு நார்ஃபோக் கவுன்சில் பல ஆண்டுகளாக முயன்றது. பாதையில் இருந்த காட்டில் பார்பஸ்டெல் என்ற அரிய வௌவால் குட்டி போட்டு வளர்க்கும் பெருங்கூட்டம் இருந்தது. இயற்கைப் பாதுகாப்பு வாரியம் இடம் கொடுக்கவில்லை. 2025 ஜனவரியில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். டார்வின் பிறந்த ஊரான ஷ்ரூஸ்பரியில், அவர் பெயராலேயே அழைக்கப்படும் சுமார் 550 வயது ஓக் மரத்தை வெட்டிப் போட வேண்டிய சுற்றுச்சாலைக்கு 2023-இல் திட்டக் குழு அனுமதி கொடுத்தது, செலவு இரட்டிப்பானது, 2025 மே தேர்தலில் ஆட்சி மாறி, புதிய நிர்வாகம் கைவிட்டது. வேல்ஸ் மட்டுமே காலநிலையை வெளிப்படையாகச் சொல்லிச் சாலைகளை நிறுத்திப் பார்த்தது. 2023 பிப்ரவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டங்களில் பெரும்பாலானவற்றைக் கிடப்பில் போட்டார்கள். ஆனால் அது தேசிய அரசு எடுத்த முடிவு, கவுன்சில் எடுத்ததல்ல. வௌவாலுக்கு எண்ணிக்கை உண்டு, முகவரி உண்டு, சட்டம் உண்டு. ஓக் மரத்தின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். கரியமில வாயுவுக்கு இதில் ஒன்றுமே இல்லை, 0.0058 மட்டும்தான் உண்டு.

வைட்ஹேவன் சுரங்க நிறுவனம் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது 2025 மார்ச்சில். அதற்கு மூன்று முறை அனுமதி கொடுத்த கம்ப்ரியா கவுன்டி கவுன்சில், அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2023 ஏப்ரல் 1 அன்று நிர்வாகச் சீரமைப்பில் கலைக்கப்பட்டிருந்தது.